சாரணர் இயக்கம்: அணிவகுப்புக்கு முன்னால் ஒரு வரலாறு

ஆண்டுத் தொடக்கத்தில் புறப்பாடப் பொறுப்புப் பட்டியலைப் பார்க்கிறீர்கள். உங்கள் பெயருக்கு நேரே 'சாரணர் இயக்கம்' என்று இருக்கிறது. நீங்கள் சாரணராக இருந்ததே இல்லை. பரவாயில்லை, நம்மில் பாதிப் பேர் நிலைமை இதுதான். ஆனால் முதல் கூட்டத்திலேயே ஒரு மாணவன், "சார், சாரணர்னா என்ன சார்?" என்று கேட்டுவிடுவான். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாம் தமிழாசிரியர்கள், சொல்லிலிருந்தே தொடங்குவோமே. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் சாரணர் வருவது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே அவர்கள் சமண முனிவர்கள். ஒற்றர்களையும் அகராதி இதே சொல்லால் குறிக்கிறது. ஆங்கிலத்து ஸ்கவுட், மலாய் மொழியின் பெங்ஙாகாப் இரண்டும் இந்த இரண்டாம் பொருளையே தழுவியவை: படைக்கு முன்னே சென்று வேவு பார்ப்பவன்.

அதற்குக் காரணம் உண்டு. இயக்கத்தை உருவாக்கிய பேடன் பாவல் ஒரு படைத்தளபதி. தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகர் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது, சிறுவர்கள் செய்தி கொண்டு போய்க் கொடுத்ததைப் பார்த்தவர். 1907 ஆகஸ்டில் பிரவுன்சி தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டி ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். என்னைக் கேட்டால், இயக்கத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சீருடை, முடிச்சு, கூடாரம் எல்லாம் பிறகுதான்.

சிங்கப்பூரில் இயக்கம் 1910இல் முறையாகத் தொடங்கியது. அதே ஆண்டு வந்து சேர்ந்த ஃபிராங்க் கூப்பர் சேண்ட்ஸ் பல பத்தாண்டுகள் அதை வளர்த்தார். 'மலாயாச் சாரணியத்தின் தந்தை' என்று அவரைச் சொல்வார்கள். பிரவுன்சியில் வகுப்புகளைக் கலந்த இயக்கம், இங்கே முதலில் பெரும்பாலும் ஐரோப்பியப் பிள்ளைகளைத்தான் சேர்த்தது. ஆசியப் பிள்ளைகள் பெருமளவில் வந்தது பிறகு, ஆங்கிலப் பள்ளிகள் வழியாக. இந்த இடத்தை மாணவர்களிடம் மழுப்ப வேண்டாம்.

இந்தியாவில் இதே கதவு அடைத்திருந்தபோது என்ன நடந்தது தெரியுமா? 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சாரணர் சங்கமே தொடங்கிவிட்டார்கள். 1921இல் பேடன் பாவல் இந்தியா வந்தபோது அது அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. 'அவர்கள் சேர்க்கவில்லை என்றால் நாமே தொடங்குவோம்' என்ற அந்தத் துணிச்சலை வகுப்பில் தாராளமாகப் பேசலாம்.

ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, இயக்கம் முடங்கியது. ஆனால் சாங்கி முகாமில் அடைபட்ட போர்க்கைதிகள் ஒரு வளர்ந்தோர் சாரணர் குழுவை நடத்தினார்கள். பசியும் நோயும் சூழ்ந்த இடத்தில் அதற்கு எப்படி மனம் வந்ததோ!

விடுதலைக்குப் பின் அமைப்பு நம்முடையதானது. 1957இல் மலாயாவும் 1966இல் சிங்கப்பூரும் உலகச் சாரணர் அமைப்பில் சேர்ந்தன. மலேசியச் சங்கத்துக்கு 1968இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிரிட்டிஷ் அரசரின் பெயரிலிருந்த உயரிய விருது சிங்கப்பூரில் அதிபர் சாரணர் விருதாக மாறியது. மலேசியாவில் பெங்ஙாகாப் ராஜா, நம் மாமன்னரின் பெயரில். தொடக்கப்பள்ளியில் கானாக் கானாக், கீழ்ப்படிவங்களில் மூடா, மேல்படிவங்களில் ரெமாஜா, பள்ளி முடித்தவர்க்குக் கெலானா. குட்டிச் சாரணர்களுக்கு ஆங்கிலேயர் கொடுத்தது கிப்ளிங்கின் ஓநாய்க் கதை. இன்று மலேசியப் பிள்ளை வாங்குவது வெண்கலம், வெள்ளி, தங்கக் கிரிஸ் சின்னங்கள்.

எல்லாம் சரி, புதன்கிழமை மதியம் நாம் என்ன செய்கிறோம்? வரிசையில் நிறுத்தி, வருகை பதிந்து, "செடியா!" சொல்லி, அரை மணி நேரம் நடக்க விட்டு வீட்டுக்கு அனுப்புகிறோம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்பதால் பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார்கள். அணி என்ற ஒன்றே பல பள்ளிகளில் இல்லை. பின்வரிசையில் நிற்கும் பையனுக்கு ஐந்தாண்டில் ஒருமுறைகூடப் பொறுப்பு கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் வகுப்பில் முதலாவதாக வருபவனுக்குத்தான்.

மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. ஆறு முதல் எட்டுப் பேருக்கு ஓர் அணி. தலைவனை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். நமக்குப் பிடிக்காதவனாக இருந்தாலும் விட்டுவிடுங்க. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பதிவேடு கொடுங்கள்: அன்று என்ன செய்தோம், யார் என்ன பொறுப்பு எடுத்தார், எது சொதப்பியது. தமிழ்ப்பள்ளியில் இருப்பவர்கள் அதைத் தமிழிலேயே எழுதச் சொல்லலாம். திருத்தச் சிவப்புப் பேனாவை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த வாரமே அது கட்டுரைப் பயிற்சிப் புத்தகமாகிவிடும்.