பயன்படுத்திய செயலியால் கணினியை மேம்படுத்தல்

பயன்படுத்திய செயலியால் கணினியை மேம்படுத்தல் என்பது, ஒரு கணினியின் தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் மாற்றாமல், அதன் மையச் செயலியை மட்டும் அகற்றிவிட்டு, முன்னர் ஒருவர் பயன்படுத்திய திறன்மிக்க செயலியை அதே பொருத்துவாயில் பொருத்துவதாகும். குறைந்த செலவில் அமைக்கப்பட்ட விளையாட்டுக் கணினிகளின் பயன்காலத்தை நீட்டிக்க இம்முறை கையாளப்படுகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 பொருத்துவாய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஏஎம்4 பொருத்துவாய்

ஏஎம்4 பொருத்துவாய் 2016 ஆம் ஆண்டில் அறிமுகமானது. இது டிடிஆர்4 வகை நினைவகத்தைப் பயன்படுத்துகிறது. 2017 இல் வெளியான ரைசன் 1000 வரிசை முதல் 2020 இல் வெளிவரத் தொடங்கிய ரைசன் 5000 வரிசை வரையிலான மேசைக்கணினிச் செயலிகள் இதில் பொருந்தும். தொடக்கத்தில் 300 வரிசைத் தாய்ப்பலகைகளுக்கு ரைசன் 5000 ஆதரவு வழங்கப்படவில்லை; 2022 இல் ஏஎம்டி அதற்கு வழிசெய்தது.

செயல்திறன் வேறுபாடு

2017 இன் ரைசன் 5 1600, 2022 இன் ரைசன் 5 5600 ஆகிய இரண்டும் 6 கருக்களும் 12 இழைகளும் கொண்டவை. இரண்டின் வெப்ப வடிவமைப்புத் திறனும் 65 வாட். எனினும் முன்னதன் உச்ச வேகம் 3.6 கிகாஎர்ட்சு, பின்னதன் உச்ச வேகம் 4.4 கிகாஎர்ட்சு. முன்னதில் 16 மெகாபைட்டு மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் இரு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. பின்னதில் 32 மெகாபைட்டையும் எல்லாக் கருக்களும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. விளையாட்டுகளில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். 2022 இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியில் இந்நினைவகம் 96 மெகாபைட்டு ஆகும். ஆனால் அதன் வெப்ப வடிவமைப்புத் திறன் 105 வாட் என்பதால், வலுவான குளிர்விப்பான் தேவைப்படும்.

வாங்குமுன் ஆராய வேண்டியவை

விளையாட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது செயலியா, வரைகலை அட்டையா என்பதை முதலில் அறிதல் வேண்டும். திரையின் பிரிதிறனைக் குறைத்தும் நொடிக்கான படச்சட்டங்களின் எண்ணிக்கை உயரவில்லையெனில், பெரும்பாலும் செயலியே தடையாகும். எண்ணிக்கை நன்கு உயர்ந்தால், வரைகலை அட்டையே தடையாகும். அந்நிலையில் புதிய செயலியால் பெரும்பயன் விளையாது.

தாய்ப்பலகை உற்பத்தியாளரின் ஆதரவுப் பட்டியலில் அச்செயலியும் அதற்குரிய பயாசு பதிப்பும் இருத்தல் வேண்டும். ஏஎம்4 செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியிலேயே அமைந்துள்ளதால், அவை வளைந்தோ உடைந்தோ உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். நிறுவனங்களுக்கான கணினிகளிலிருந்து கழற்றப்பட்ட சில ரைசன் புரோ செயலிகள், பாதுகாப்பு ஏற்பாட்டின் காரணமாக அவ்வுற்பத்தியாளரின் தாய்ப்பலகைகளுடன் நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அவை வேறு பலகையில் இயங்கா. பிணைப்பை நீக்கவும் இயலாது. எனவே, இயங்குவதை நேரில் காட்டும் விற்பனையாளரிடமோ, திருப்பி அளிக்கும் வாய்ப்புடனோ வாங்குவதே பாதுகாப்பானது.

பொருத்தும் முறை

பழைய செயலி பொருத்தப்பட்டிருக்கும்போதே பயாசை இற்றைப்படுத்துதல் வேண்டும். பழைய பயாசு புதிய செயலியை அடையாளம் காணாவிடில் கணினி தொடங்காது. வட்டு பிட்லாக்கர் மூலம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் மீட்புத் திறவுகோலை முன்னரே குறித்துவைத்தல் இன்றியமையாதது. செயலியை மாற்றியபின் கணினி அதனைக் கேட்கக்கூடும்.

உலர்ந்த வெப்பக் களிம்பு குளிர்விப்பானைச் செயலியுடன் ஒட்டவைத்திருக்கும். நேராக இழுத்தால், பொருத்துவாய் பூட்டியிருந்தாலும் செயலி அதனுடன் பிடுங்கப்பட்டு ஊசிகள் வளையலாம். ஆகவே, கணினியைச் சற்றுநேரம் இயக்கிக் களிம்பு இளகியபின், மின்னிணைப்பைத் துண்டித்து, குளிர்விப்பானை இருபுறமும் மெல்லத் திருகி எடுத்தல் வேண்டும். புதிய செயலியை அழுத்தாமல் வைத்துப் பூட்டி, புதிய களிம்பு இடுதல் வேண்டும்.

இயங்குதள ஆதரவு

விண்டோசு 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோசு 11 இன் ஆதரவுப் பட்டியலில் ரைசன் 5 1600 இடம்பெறவில்லை. ரைசன் 5 5600 இடம்பெற்றுள்ளது. ஆதலால், விளையாட்டு வேகத்திற்கு அப்பாலும், பழைய தாய்ப்பலகையைக் கழிக்காமல் தொடர்ந்து பயன்படுத்த இம்மாற்றம் உதவுகிறது.