எழுத்தாணி முதல் தட்டச்சு வரை: நம் பிள்ளைகளுக்கு எப்போது கற்பிப்பது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் நம் பெருமுக்கல் மலை நிற்கிறது. மலைமேல் சீதைக் குகை என்று மக்கள் வழங்கும் இடத்தில், எழுத்துத் தோன்றுவதற்கு முற்பட்ட மாந்தர் கீறிய உருவங்கள் உள்ளன. முக்தியாசலேசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஒரே மலையில் எழுத்தில்லாக் காலமும் எழுத்துக் காலமும் அருகருகே இருக்கின்றன. ஆனால் அந்த மலைக்குக் கல் சுமந்தவரும், அதன் அடிவாரத்து வயலில் உழைத்தவரும் அந்த எழுத்தைப் படிக்க நூற்றாண்டுகள் பல காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் கல்விக் கழகம் தன் வெள்ளி விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், அந்தக் காத்திருப்பு எவ்வாறு முடிந்தது என்பதையும், புதியதொரு காத்திருப்பு நம் பிள்ளைகளுக்கு நேர்ந்துவிடாமல் காப்பது எவ்வாறு என்பதையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

கழகத்தின் கூட்டத்தில் அண்மையில் ஒரு வினா எழுந்தது. நம் பிள்ளைகளுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டுமா? வேண்டுமெனின் எந்த வகுப்பில் தொடங்குவது? பெரியவர் ஒருவர், "தட்டச்சு குமாஸ்தா வேலைக்கு உரியது, நம் பிள்ளைகள் ஆட்சியர் ஆக வேண்டாமா?" என்று கேட்டார். இளைஞர் ஒருவர், "நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலேயே கணினி தருகிறார்களே" என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் விடை காணுமுன் வரலாற்றை அறிதல் நலம்.

அச்செழுத்தும் நம் முன்னோரும்

நம் முன்னோர் எழுத்தைக் கையிற் கொண்டபோது, உடனே அச்சையும் கையிற் கொண்டனர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டிலேயே 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் நெற்றியில் அச்சேற்றிய துணிவு அவருடையது. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நடத்தினார். ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் திறந்தது 1894இல். நம் பகுதியும் அடங்கியிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவியது 1916இல். இவர்கள் வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் எழுத்தைத் தேடவில்லை. நம் குறையை நாமே எழுதவேண்டும், நம் விண்ணப்பத்தைப் பிறர் கையால் எழுதிப் பெறும் நிலை ஒழியவேண்டும் என்பதற்காகத் தேடினர். இக்கருத்தை நெஞ்சிற் கொண்டு தட்டச்சின் வரலாற்றைக் காண்போம்.

பொறியின் வரவு

அமெரிக்க நாட்டினரான கிறித்தோபர் ஷோல்ஸ் தம் நண்பர்களுடன் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1868இல். துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் அதனை 1874இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளில் அது உலகெங்கும் அலுவலகங்களிற் புகுந்தது. நம் நாட்டு அலுவலகங்களுக்கும் வந்தது. இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் தட்டச்சுப் பொறியைச் செய்யத் தொடங்கியது. 2009இல் அத்தொழிலை நிறுத்தியது.

தமிழுக்குப் பொறி அமைப்பது எளிதன்று. ஆங்கிலத்துக்கு எழுத்து 26, நமக்கோ 247. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா, சிங்கப்பூர் சென்று பணியாற்றிய ஆர். முத்தையா இச்சிக்கலுக்கு விடை கண்டார். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரு விசை வைக்க இயலாது. ஆதலின் கொம்பு, கால் முதலிய குறிகளைத் தனியே பிரித்தார். புள்ளி போன்ற குறிகளை அடிக்கும்போது உருளை நகராதபடி 'நகரா விசை'களை அமைத்தார். முதல் உலகப் போருக்குப் பின் செருமானிய நிறுவனம் ஒன்று அவர் அமைப்பின்படி பொறிகளைச் செய்தளித்தது. இன்றும் தமிழ்த் தட்டச்சு பயில்வோர் முதல் நாள் இடக்கை விரல்களால் அடிக்கும் 'யளனக' என்னும் பாடம் அப்பொறி வழியில் வந்ததேயாகும்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அரசு அலுவலக மொழியாக்கியது. தமிழில் ஆணை எழுத வேண்டுமெனில் தமிழில் தட்டச்சு செய்வோர் வேண்டும். இதனால் ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகின. அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகளை மக்கள் 'லோயர்', 'ஹையர்' என்றே வழங்கினர். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்பது கணக்கு. எனவே இளநிலைக்கே ஒரு நிமிடத்தில் 150 முறை விரல் அடிக்க வேண்டும். அஃதாவது நொடிக்கு இரண்டுக்கும் மேல்.

மூடியிருந்த கதவு

இடஒதுக்கீட்டின் வரலாற்றையும் இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும். 1928இல் நடைமுறைக்கு வந்த வகுப்புரிமை ஆணை, பன்னிரண்டு இடங்களில் ஒன்றை நம் மக்களுக்கு வைத்தது. விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டம் அவ்வுரிமையை உறுதிப்படுத்தியது. ஆனால் இடம் ஒதுக்கப்படுவது ஒன்று. அதிற் சென்று அமர்வது மற்றொன்று. தட்டச்சர் பணிக்குப் பள்ளியிறுதித் தேர்ச்சியோடு தட்டச்சுச் சான்றும் கேட்கப்பட்டது. அச்சான்றைப் பள்ளி தரவில்லை. கட்டணம் வாங்கும் பயிலகமே தந்தது. பத்தாம் வகுப்புத் தேறியும் தட்டச்சுச் சான்று இல்லாமையால் விண்ணப்பிக்கவும் இயலாது நின்றவர் பலரை நாமே அறிவோம்.

நாம் பயின்ற கதையையும் சொல்லிவிடுதல் தகும். 1980களின் இறுதியில் நகரத்துப் பயிலகம் ஒன்றிற் சேர்ந்தோம். மாதக் கட்டணம் தந்தையாரின் பல நாட் கூலி. நம் தெருவிலிருந்து சென்ற மூவருக்கும் இரவின் கடைசி வகுப்பே கிடைத்தது. மூலையில் இருந்த, நாடா மங்கிய, விசை இறுகிய பொறியே கிடைத்தது. ஏன் என்று அன்று கேட்கவில்லை. கேட்கும் துணிவு இல்லை. கடைசிப் பேருந்து போய்விட்ட நாள்களில் நடந்தே வந்தோம். சுண்டுவிரல் வீங்கிவிடும். மூவரில் ஒருவர் இடையில் நின்றார். ஒருவர் தேறி அலுவலகப் பணியில் அமர்ந்து ஓய்வு பெற்றார். மற்றொருவர் இக்கட்டுரையை எழுதுகிறார். இடையில் நின்றவருக்கு அறிவு குறைவன்று. இரண்டு மாதக் கட்டணமே குறைவு.

இதனாற்றான், தட்டச்சு குமாஸ்தா வேலைக்கு உரியது என்னும் பெரியவரின் சொல்லை நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை. அந்தக் குமாஸ்தா வேலையே நம் தெருக்களில் முதல் மாதச் சம்பளமாக வந்தது. அச்சம்பளமே தம்பி தங்கையரைக் கல்லூரிக்கு அனுப்பியது. மேலும், இன்று தட்டச்சு வேலைக்கு மட்டும் உரியதன்று. சாதிச் சான்று, உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, தேர்வாணைய விண்ணப்பம் யாவும் விசைப்பலகை வழியே செல்கின்றன. நம் மாணவி ஒருத்தி, பிறர் நடத்தும் கணினிக் கடையிற் பணம் கொடுத்து விண்ணப்பம் நிரப்பினாள். அங்கிருந்தவர் பிறந்த தேதியைத் தவறாக அடித்துவிட்டார். அவளோ திரையைப் பார்த்துத் திருத்தச் சொல்லக் கூசினாள். ஓராண்டு வீணாயிற்று. அன்று மனு எழுதுவோர் முன் நம் பாட்டனார் நின்ற நிலைக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

எந்த வயது?

இனி வயதைப் பற்றி ஆராய்வோம். பழைய வழக்கம், பள்ளியிறுதி முடித்த பின்னரே தட்டச்சு என்பது. அதற்குக் காரணம் இரண்டு. பழைய பொறியின் விசையை அழுத்தச் சிறு பிள்ளையின் விரலுக்கு வலுப் போதாது. வேலைக்குப் போகும் வயதினரே கட்டணம் செலுத்தினர். இவ்விரண்டில் எதுவும் குழந்தையின் அறிவு வளர்ச்சி பற்றியதன்று. இன்றைய விசைப்பலகை மெல்லிய தொடுதலுக்கே இணங்குகிறது. ஆதலின் பழைய வயது வரம்பைப் பற்றிக்கொள்ளக் காரணமில்லை.

சிறுவர்க்குப் பொறி தந்து பார்த்த ஆய்வும் புதியதன்று. பென் வுட், ஃபிரீமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், தொடக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் தட்டச்சுப் பொறியைத் தந்து ஆராய்ந்து 1932இல் நூல் வெளியிட்டனர். பிள்ளைகள் மிகுதியாக எழுதினர் என்று கண்டனர். ஆயினும் பொறி விற்போர் இதில் ஆர்வம் காட்டினர் என்பதையும் மனத்திற் கொள்ளவேண்டும். விற்பவர் சொல்லும் வயதும் பிள்ளைக்கு ஏற்ற வயதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

மறுபுறம், மிக இளமையில் தொடங்குவதும் தீதே. பிரான்சு நாட்டில் 2005இல் வெளியான ஆய்வொன்று, மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 76 பிள்ளைகளுக்கு எழுத்துகளைக் கையாலும் தட்டச்சாலும் கற்பித்தது. அவர்களுள் சற்று மூத்தவர்களில், கையால் எழுதியவரே எழுத்தை நன்கு அடையாளம் கண்டனர். அமெரிக்காவில் 2012இல் வெளியான கரின் ஜேம்ஸ் அம்மையாரின் ஆய்வும், படிக்கத் தொடங்காத ஐந்து வயதினரிடம் கையெழுத்தே வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகளை எழுப்புவதாகக் காட்டியது. ல, ள, ழ வேறுபாடும், ன, ண, ந வேறுபாடும் கைக்குப் பழகாமற் கண்ணுக்குப் பழகா என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தட்டினால் எல்லா எழுத்தும் ஒரே அசைவு. எழுதினாலோ ஒவ்வொன்றும் ஒவ்வோர் அசைவு.

பிற நாடுகள் செய்ததென்ன? அமெரிக்க மாநிலங்கள் பல ஏற்ற 2010ஆம் ஆண்டுப் பாடத்தரம், நான்காம் வகுப்பு மாணவன் ஓரமர்வில் ஒரு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும் என்றது. பின்லாந்து 2016 முதல் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடமாக வைக்காது விசைப்பலகைப் பயிற்சிக்கு இடமளித்தது. அங்கும் தனியெழுத்தைக் கையால் எழுதுவது நீங்கவில்லை.

நமக்கோ தமிழே ஒரு வழி காட்டுகிறது. பழைய பொறியில் 'கொ' அடிக்க, முதலிற் கொம்பு, பின் க, பின் கால் என எழுத்தின் வடிவத்தைப் பின்பற்ற வேண்டும். 1999ஆம் ஆண்டு சென்னைத் தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையில் அவ்வாறில்லை. 'க' அடித்து 'ஒ' அடித்தால் 'கொ' வருகிறது. உயிர் பெரும்பாலும் இடக்கையில், மெய் வலக்கையில். அஃதாவது உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் இலக்கணத்தை விரலே செய்து காட்டுகிறது. ஆதலின், உயிர்மெய் பிறக்கும் முறையைத் தெளிவாக அறிந்த பிள்ளையே இதனைப் பொருளுணர்ந்து கற்க இயலும். 247 எழுத்தையும் பிழையின்றிக் கையால் எழுதும் நிலையே தட்டச்சுக்கு வாயிற்படி என்பது நம் துணிபு.

நம் முடிவு

மேற்கூறியவற்றால் கழகத்தின் முன் நாம் வைக்கும் கருத்து இது. ஐந்தாம் வகுப்பு வரை கையெழுத்தே முதன்மை பெறட்டும்; கணினியைக் காட்டலாம், விரற் பயிற்சி வேண்டா. ஆறாம் வகுப்பில், கையெழுத்தில் தேறிய பின், தமிழ் 99 முறையில் நாளுக்கு இருபது நிமிடம் பத்து விரலாலும் பழகட்டும். ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் சேரட்டும். பிந்தினால், கைப்பேசியில் இரு கட்டை விரலால் ஆங்கில எழுத்திட்டுத் தமிழ் எழுதும் பழக்கம் ஊறிவிடும். பின்பு அதனை மாற்றுதல் அரிது. அரசுத் தேர்வு எழுத விரும்புவோர் ஒன்பதாம் வகுப்பு முதல் அதற்கெனப் பயிலலாம். வேகம் முதலாண்டில் வேண்டா; பார்க்காமல், பிழையின்றி அடிப்பதே போதும்.

இதற்கு வேண்டுவன மிகப் பெரியன அல்ல. நம் கழகக் கட்டடத்தில் மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஓர் அறை, பழுது நீக்கிய சில கணினிகள், தட்டச்சுத் தேறிய நம் இளைஞர் இருவரின் ஒரு மணி நேரம், இவையே போதும். அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகள் நம் வீடுகள் சிலவற்றில் உறங்குவதையும் அறிவோம், அவற்றையும் எழுப்பலாம். பெண் பிள்ளைகள் பகலொளியிலேயே பயின்று வீடு திரும்ப நேரம் வகுத்தல் வேண்டும். எவருக்கும் கடைசி வகுப்பு, மூலைப் பொறி என்னும் நிலை நம் அறையில் இருத்தலாகாது.

இளைஞர்களே! 'பறையன்' இதழைத் தொடங்கியவர் அச்செழுத்தை அஞ்சவில்லை; அதனைத் தமதாக்கிக்கொண்டார். நம் விண்ணப்பத்தை நாமே நிரப்பி, திரையிற் பிழை கண்டால் நாமே திருத்தும் நிலை நம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் வரவேண்டும். வரும் கல்வியாண்டின் முதல் மாதத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த அறைக்கு அழைத்து வாருங்கள். முதல் பாடத்தை நாமே நடத்தித் தருவோம்.