கோச்சியில் வந்த அரிசி

கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில் வருவதற்கு முன் இலங்கையின் ஊவாத் தோட்டங்களுக்கு அரிசி மாட்டு வண்டியில்தான் வந்தது. கோப்பி மூட்டையோடு மலையிறங்கும் வண்டி, திரும்பும்போது அரிசி மூட்டையோடு ஏறும். பாதை சேறாகி வண்டி சிக்கிக்கொண்டால் லயத்தில் உலை ஏறாது. தோட்டம் அளந்து கொடுத்து, கூலியில் கழித்துக்கொண்ட அந்த அரிசியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. அதை வடித்துத் தின்றவர்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான்.

துரைமார் ரயில் கேட்டது விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. தண்டவாளம் 1867இல் கண்டியைத் தொட்டது, 1885இல் நானுஓயாவை. 1893இல் அப்புத்தளை, மறு ஆண்டு பண்டாரவளை. 1869இல் தொற்றிய இலைநோய் அதற்குள் கோப்பியைத் தின்று தீர்த்திருந்தது, மலையெங்கும் தேயிலை. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத்தைத் தாமஸ் லிப்டன் வாங்கியது 1890இல்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் போய்ச் சேர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. தெமோதரையில் சரிவு அவ்வளவு செங்குத்து. பாதை குன்றைச் சுற்றி வளைந்து, தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை மலையில் உலவுகிறது. அந்தக் கங்காணிக்குக் கதையிலும் பெயர் இல்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக, இரும்புச் சட்டம் இல்லாமல் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் எழுந்தது. 1924 ஏப்ரல் 5ஆம் தேதி பதுளைக்குக் கோச்சி வந்தது. கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை.

பதினெட்டு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 5இல், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மலைநாட்டை உலுக்கியது அந்தக் குண்டு அல்ல, முந்தைய மாதம் ஜப்பான் இரங்கூனைப் பிடித்த செய்தி. பர்மா அரிசி நின்றுபோனது. அரிசி கூப்பனுக்குப் போனது. கூடவே கோதுமை மா வந்து சேர்ந்தது. தடித்த ரொட்டியைக் கையால் தட்டி, கல்லில் சுட்டு, கட்டச் சம்பலோடு துணியில் முடிந்து கொழுந்து மலைக்கு எடுத்துப்போகும் வழக்கம் வேரூன்றியது அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான். ரொட்டியை மலையகத்தின் பாரம்பரிய உணவு என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் அது ஒரு போர் கொடுத்த சாப்பாடு. 1973, 74இல் அந்த மாவும் அருகியபோது தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். அதை மறந்துவிட்டு ரொட்டியின் ருசியைப் பேச முடியாது.

இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு எழுதப்பட்ட மலையகத் தமிழர்கள் 5,25,000 பேர். ஊவாத் தோட்டங்களில் இருந்து கிளம்பிய குடும்பங்கள், அரிசியை ஏற்றி வந்த இந்தப் பாதையிலேயே தலைமன்னாரை நோக்கி இறங்கின. பிளாட்பாரத்தில் நின்று அழுதவர்களுக்கு அடுத்த நாள் காலை பெரட்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் அணிவகுப்பு, இருந்தது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது ஊவாக் கொழுந்தில் புதினாவைப் போன்ற ஒரு குளிர்ந்த வாசம் ஏறுகிறது. டார்ஜிலிங், கீமுன் இரண்டோடும் சேர்த்து உலகின் மூன்று பெருந்தேயிலைகளில் ஒன்றாக ஊவாவை ஜப்பானியர்கள் கொண்டாடுகிறார்கள். பறித்தவர் வீட்டுத் தேத்தண்ணி பெரும்பாலும் மலிவான தூளில்தான் ஊறுகிறது.

இப்போது அந்தக் கோச்சியின் ஜன்னல்களில் வெளிநாட்டுப் பயணிகள். பெட்டிக்குப் பெட்டி கூடை சுமந்து பருப்பு வடையும் இறால் வடையும் விற்பவர்கள், பழைய பள்ளிக் கொப்பித் தாளில் சுற்றிச் சூடாகக் கொடுக்கிறார்கள். எண்ணெய் ஊறிய தாளில் ஏதோ ஒரு பிள்ளை போட்ட கூட்டல் கணக்கும், அதற்கு டீச்சர் இட்ட சிவப்புச் சரியும் தெரியும்.