தேக்காவில் மாடுகள்

தைப்பொங்கலுக்கு முந்திய வார இறுதியில் குடும்பத்தோடு லிட்டில் இந்தியாவுக்குச் செல்வோர் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை ஆகியவற்றை வாங்கிய கையோடு மற்றோரிடத்திற்கும் தவறாமல் செல்கின்றனர். கூடாரத்தின் கீழ்க் கட்டப்பட்டிருக்கும் மாடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டவே அங்குப் பெருங்கூட்டம் கூடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் சென்றிருந்தோம். கேம்பல் லேனில் கால் வைக்க இடமில்லை. அப்போது தொடக்கநிலை இரண்டில் பயின்றுகொண்டிருந்த என் மகன் தடுப்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு, "அம்மா, இந்த மாடுகள் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்தனவா?" என்று கேட்டான். லிம் சூ காங் பண்ணையிலிருந்து லாரியில் வந்தவை என்று அவன் தந்தையார் கூறியும் அவன் நம்பவில்லை. வகுப்பறைகளில் மாட்டுப் பொங்கல் பெரும்பாலும் தமிழக வயல்வெளியைக் கொண்டே விளக்கப்படுகிறது. ஆகவே, மாடு என்பது வெளிநாட்டுக்குரியது என்று குழந்தை கருதியதில் வியப்பில்லை.

ஆனால், அவன் நின்றிருந்த வட்டாரமே மாடுகளால் வளர்ந்தது. ரோச்சோர் ஆற்றையொட்டிய அந்தச் சதுப்பு நிலத்தில் நீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை. எருமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் பாலுக்கும் வண்டி இழுப்பதற்கும் வேண்டிய மாடுகள் அங்குதான் கட்டப்பட்டன, விற்கப்பட்டன. பஃபலோ ரோடு, அதற்கு அருகிலேயே மலாய் மொழியில் அதே எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோடு எனத் தெருப்பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. பெலிலியோஸ் ரோடு கல்கத்தாவிலிருந்து வந்த யூதக் கால்நடை வணிகரின் பெயரையும், டெஸ்கர் ரோடு ஓர் இறைச்சி வணிகரின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. மாடு மேய்த்தவர்களிலும் பால் கறந்தவர்களிலும் வண்டி ஓட்டியவர்களிலும் இந்தியர் மிகுதி. அவர்களுள் தமிழரும் இருந்தனர், வட இந்தியப் பால்காரர்களும் இருந்தனர். இது நமக்கு மட்டுமே உரிய வரலாறு என்று பிள்ளைகளிடம் கூறுவது முறையாகாது என்பது என் கருத்து.

தமிழர்களின் தனித்தடம் சுண்ணாம்பில் பதிந்திருக்கிறது. அருகிலிருந்த சுண்ணாம்புக் காளவாய்களில் உழைத்த நம்மவர்கள் அவ்வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தனர். 1881இல் எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையும் அக்காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே வழங்கினர். 'தேக்கா' என்னும் பெயரோ ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. 'சிறு மூங்கில்களின் அடிவாரம்' என்பது அதன் பொருள். அந்தச் சீனப் பெயரே தமிழர் நாவில் இன்றும் நிலைத்திருக்கிறது!

சதுப்பு வடிக்கப்பட்டு வீடுகளும் கடைகளும் பெருகவே, மாடுகளுக்கு இடம் சுருங்கியது. 1930களில் நகராண்மைக் கழகத்தின் கட்டுப்பாடுகளும் சேர்ந்து மாட்டு வணிகத்தை முடித்துவைத்தன. அதே காலகட்டத்தில், 1933இல், பக்கத்திலிருந்த குதிரைப் பந்தயத் திடலும் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. தொழுவங்கள் மறைந்த பின்னரும் கடைகளும் கோயில்களும் மக்களும் அங்கேயே இருந்துவிட்டனர்.

பெயரும் இருந்துவிட்டது. மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். அப்பெயரைக் கொண்ட மருத்துவமனை 1924இல் மகப்பேற்று மருத்துவமனையானது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 39,835 குழந்தைகள் பிறந்தன. 1997இல் புதிய கட்டடத்திற்கு மாறிய பின்னும் அதன் பெயரில் 'கேகே' என்னும் இரண்டெழுத்து நீடிக்கிறது. இதைக் கூறியதும் வகுப்பில் பெருஞ்சிரிப்பு. அங்குப் பிறந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. இவ்வாண்டு பொங்கலுக்கு வயல்வெளிப் படத்திற்குப் பதிலாகத் தேக்காவின் பழைய வரைபடத்தை வரையச் சொல்லியிருக்கிறேன். மாடுகள் தண்ணீர் குடிக்க ஆற்றை எந்தப் பக்கம் வரைவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.