பெலகாவியில் இளைத்த மசோதா

2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. கர்நாடகத்தின் ஹனூர் வட்டம் சுள்வாடி கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் கோபுரத் திருப்பணிக்குப் பூசை போட்டார்கள். பூசை முடிந்ததும் பிரசாதமாகத் தக்காளிச் சாதம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்து விழுந்தார்கள். சாதத்தில் பூச்சிமருந்து கலந்திருந்தது. 17 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதுதான் இந்த வாரத்துக் கதை. சிலரைக் காமகெரேயில் உள்ள ஹோலி கிராஸ் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். காமகெரே தமிழ் வாசகர்களுக்குப் புதிய பெயரல்ல. 2002 ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் நாகப்பாவை வீரப்பன் கடத்திச் சென்றது அந்த ஊரிலிருந்துதான். வேறு சிலர் கொள்ளேகாலுக்குப் போனார்கள். பூச்சிமருந்து மூச்சை அடைக்கும்போது வேண்டியது வென்டிலேட்டர். அத்தனை பேருக்குமான வென்டிலேட்டர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஆகவே ஆம்புலன்ஸில் ஏற்றி மைசூருவுக்கு அனுப்பினார்கள். அங்கே அரசின் கே.ஆர். மருத்துவமனையோடு பல தனியார் மருத்துவமனைகளும் அவர்களை ஏற்றுக்கொண்டன. செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் குமாரசாமி அறிவித்தார்.

முதல்வர் சொன்னதால் பில் கட்டும் கவலை தீர்ந்தது. ஆனால் மாநிலமே திரும்பிப் பார்க்கும் விபத்துகள் எப்போதாவதுதான் நடக்கின்றன. கரும்புக் காட்டில் பாம்பு கடித்தவனுக்கும், மாதேஸ்வரன் மலைப் பாதையில் பைக்கிலிருந்து விழுந்தவனுக்கும், குடும்பச் சண்டையில் மருந்தைக் குடித்துவிட்ட பெண்ணுக்கும் எந்த முதல்வரும் அறிவிப்பு வெளியிடுவதில்லை. அவர்களும் அதே சாலையில், அதே மைசூருவுக்குத்தான் போகிறார்கள். வாசலில் அட்வான்ஸ் கேட்கப்படுகிறது. ஆள் இறந்துவிட்டால் பாக்கியைக் கட்டினால்தான் உடல் என்கிறார்கள். இந்த இரண்டையும், இவற்றோடு கட்டணத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு மனிதர் முயன்றார். சுள்வாடிக்குச் சுமார் ஓராண்டு முன்பு, மாநிலத்தின் மறுகோடியில், பெலகாவியின் சட்டமன்றக் கட்டடமான சுவர்ண விதான சௌதாவில் அந்த முயற்சி அரைகுறையாக முடிந்தது.

ஹனூர் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளேகால் வட்டத்தோடு சேர்ந்து இந்த நிலம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் உண்டானபோது அதில் சேர்ந்தது. மார்ட்டள்ளி, சுள்வாடி பக்கத்து வீடுகளில் இன்றும் தமிழ்தான். பாலாற்றைத் தாண்டினால் மேட்டூர். எல்லை இரண்டு முறை மாறியும், பெரிய வியாதிக்கு வெளியூர் போகும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

மருத்துவமனைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்ற அந்த மனிதரின் பெயர் கே.ஆர். ரமேஷ் குமார். கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக்காரர். 1994 முதல் 1999 வரை சட்டமன்ற சபாநாயகராக இருந்தவர். மன்றத்தின் விதிகளை விரல் நுனியில் வைத்திருந்தவர். 2016-இல் சித்தராமையா அவரைச் சுகாதார அமைச்சராக்கினார். அவர் கைக்கு வந்தபோது கர்நாடகத்தில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது: 2007-இன் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம். பதிவு செய்ய வேண்டும், கட்டணப் பட்டியலை வெளியிட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததே தவிர, நோயாளி போய் நிற்க ஒரு வாசல் அதில் இல்லை. கலபுரகி மாவட்டத்தில் லம்பாணிப் பெண்கள் பலருக்குத் தேவையே இல்லாமல் கருப்பையை அகற்றிவிட்டார்கள் என்ற புகாரை மக்கள் சுகாதார இயக்கங்கள் கிளப்பியபோது, அந்தச் சட்டத்தின் பலவீனம் ஊருக்கே தெரிந்தது.

உச்ச நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி விக்ரமஜித் சென் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மருத்துவர் சங்கங்களும் மக்கள் இயக்கங்களும் அதில் இடம் பெற்றன. குழுவின் அறிக்கை வந்த பிறகு, 2017 ஜூனில் திருத்த மசோதா சட்டமன்றத்துக்கு வந்தது. அதில் நான்கு கூர்மையான பகுதிகள் இருந்தன. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு கட்டண உச்சவரம்பு விதிக்கும். அதற்கு மேல் வாங்கினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். புகார்களை விசாரிக்க மாவட்டந்தோறும் ஒரு குறைதீர்ப்புக் குழு. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது, பாக்கிக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பவற்றைச் சேர்த்த நோயாளர் உரிமைச் சாசனம்.

ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அரசு மருத்துவமனைகளையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி குழு சொல்லியிருந்தது. மசோதா அவற்றை விட்டுவிட்டது. அந்த ஒரே விடுபடல் எதிராளியின் கையில் நல்ல ஆயுதமானது. தன் வீட்டைக் கூட்டாத அரசு அடுத்த வீட்டுக்காரனைச் சிறையில் போடப் பார்க்கிறது என்று மருத்துவர்கள் கேட்டபோது, நியாயமாகப் பதில் சொல்ல அரசால் முடியவில்லை. சிறைப் பிரிவைப் பற்றிய அவர்கள் அச்சமும் முழுக்கப் பொய்யல்ல. சிறு ஊரில் கணவனும் மனைவியுமாக இருபது படுக்கையோடு நடத்தும் நர்சிங் ஹோமும், பெங்களூருவின் கார்ப்பரேட் மருத்துவமனையும் ஒரே பிரிவின் கீழ் வந்தால், முதலில் நடுங்குவது சிறியவர்தான். பெரியவரிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள்.

இனி வாக்குக் கணக்கைப் பார்க்கலாம். 2013 தேர்தலில் 224 இடங்களில் 122-ஐக் காங்கிரஸ் வென்றிருந்தது. எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் ஜூன் மாதமே கீழவையில் மசோதா நிறைவேறியிருக்கும். நிறைவேறவில்லை. எதிர்க்கட்சிகளோடு ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்தும் தயக்கம் வந்தது. கர்நாடகத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகளை நடத்துவோர் ஏறக்குறைய எல்லாக் கட்சிகளிலும் உண்டு. தொகுதியில் செல்வாக்குள்ள டாக்டர் ஒருவரின் தயவு வேண்டாத எம்.எல்.ஏ.வும் அரிது. மேலவையில் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் ஏழு. அந்த வாக்காளர் பட்டியலில் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மசோதா இரு அவைகளின் கூட்டுத் தேர்வுக் குழுவுக்குப் போனது. குழுவுக்கு அனுப்புவது பல நேரங்களில் கிடப்பில் போடுவதற்கான மரியாதையான வழி. ரமேஷ் குமார் அதைக் கிடப்பில் போட விடவில்லை. நவம்பரில் பெலகாவி குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே அதைக் கொண்டுவருவேன் என்று நின்றார்.

மருத்துவர்களும் அந்தத் தேதியையே குறித்து வைத்தார்கள். நவம்பர் 3-இல் ஒருநாள் வெளிநோயாளர் பிரிவுகள் மூடின. 13-ஆம் தேதி கூட்டத்தொடர் தொடங்கிய அன்றே ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் பெலகாவியில் திரண்டார்கள், உண்ணாவிரதம் தொடங்கியது. அடுத்தடுத்த நாட்களில் மாநிலம் எங்கும் தனியார் மருத்துவமனைகள் கதவடைத்தன. 16-ஆம் தேதி பெங்களூருவின் பெரிய மருத்துவமனைகளும் சேர்ந்துகொண்டன. அரசு மருத்துவமனை வராந்தாக்களில் நிற்க இடமில்லை. சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்கள் பற்றிய செய்திகள் மாவட்டந்தோறும் வரத் தொடங்கின. உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த இடத்தில் முதல்வர் சித்தராமையா உள்ளே வருகிறார். மைசூரு மாவட்டத்துக்காரர், வழக்கறிஞர், பல அரசியல் போர்களைக் கண்டவர். அடுத்த ஆறு மாதத்தில் தேர்தல். ஒரு பக்கம், மசோதாவைக் கைவிட்டால் தலைகுனியப் போகும் அமைச்சர். மறு பக்கம், மூடிய மருத்துவமனைகள். 17-ஆம் தேதி மருத்துவர் சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசினார். வேலைநிறுத்தம் முடிந்தது. இரு தரப்புக்கும் அவர் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் அந்தச் சாமர்த்தியம் விளங்கும். அமைச்சருக்குக் கொடுத்தது தேதி: மசோதா இதே கூட்டத்தொடரில் வரும். மருத்துவர்களுக்குக் கொடுத்தது உள்ளடக்கம்: அவர்கள் அஞ்சிய பிரிவுகள் அதில் இருக்காது.

அப்படியே நடந்தது. அடுத்த வாரம் மசோதா வந்தது, இரு அவைகளிலும் நிறைவேறியது. அதிகக் கட்டணம் வாங்கியதற்கான சிறை நீங்கியது. எல்லா நோயாளிகளுக்குமான கட்டண வரம்பு போய், அரசுக் காப்பீட்டுத் திட்டங்களின் கீழ் வரும் சிகிச்சைகளுக்கு மட்டும் வரம்பு என்றானது. தனிக் குறைதீர்ப்புக் குழு போய், அந்த வேலை மாவட்ட துணை ஆணையர் தலைமையிலான பதிவு ஆணையத்துக்குச் சென்றது. முன்பணமும் உடலும் பற்றிய பிரிவுகள் தங்கின. உரிமைச் சாசனம் தங்கியது.

இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கனடாவின் சாஸ்கட்சுவான் மாநிலத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கிறது. எல்லாருக்கும் அரசு செலவில் சிகிச்சை என்ற சட்டம் அங்கே 1961-இல் நிறைவேறியது. 1962 ஜூலை 1, சட்டம் நடைமுறைக்கு வந்த அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள் நீடித்தது. பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்து மாநிலம் சமாளித்தது. கடைசியில் மாநில முதல்வர் உட்ரோ லாயிட் விட்டுக்கொடுத்தார். எதை? மருத்துவர் எப்படிப் பணம் பெறுவார் என்ற வழிமுறையை. திட்டத்துக்கு வெளியே நின்று தொழில் செய்ய விரும்புவோருக்கும் இடம் கொடுத்தார். எல்லாருக்கும் காப்பீடு என்ற அடித்தளத்தில் கை வைக்க விடவில்லை. 1964 தேர்தலில் அவர் தோற்றார். திட்டம் தோற்கவில்லை, 1966-இல் கனடா முழுமைக்குமான சட்டமே வந்தது.

பெலகாவியில் நடந்தது இதற்கு நேர்மாறு. விட்டிருக்க வேண்டியது சிறைப் பிரிவு. அதைப் பிடித்துக்கொண்டு நின்ற வேகத்தில் மருத்துவர்கள் அனைவரும், நல்லவரும் பேராசைக்காரரும், ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். அரசு மருத்துவமனைகளையும் சட்டத்துக்குள் சேர்த்து, சிறையை அபராதமாக்கி, சிறு நர்சிங் ஹோம்களுக்கு வேறு அளவுகோல் வைத்து மசோதாவை ஜூன் மாதமே கொண்டுவந்திருந்தால், கட்டண வரம்பைக் காப்பாற்றியிருக்கலாம். நவம்பரில் பேரம் பேசும்போது சிறையும் போனது, அதோடு கட்டண வரம்பும் போனது. மசோதாவின் உயிர் அந்த வரம்பில்தான் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் 2018 மே தேர்தலில் காங்கிரஸ் 122-லிருந்து சுமார் எண்பது இடங்களுக்கு இறங்கியது.

கட்டண வரம்பு நடைமுறைக்கு ஒவ்வாதது என்றுதான் அன்று சொன்னார்கள். 2020 ஜூனில் கொரோனா வந்து அந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தது. கர்நாடக அரசு, தான் அனுப்பும் நோயாளிகளுக்குத் தனியார் மருத்துவமனைகள் வாங்கக்கூடிய தொகையை ஒரே உத்தரவில் வரையறுத்தது: பொது வார்டுக்கு ஒரு நாளைக்கு 5,200 ரூபாய், வென்டிலேட்டரோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 10,000 ரூபாய். தாமாக வந்து பணம் கட்டுவோருக்கும் ஓர் உச்சவரம்பு போட்டது. முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் மருத்துவமனைகள் மூடவில்லை.

ராஜஸ்தானும் பெலகாவியின் பாதையிலேயே நடந்தது. 2023 மார்ச் 21-இல் அங்கே சுகாதார உரிமைச் சட்டம் நிறைவேறியது. அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது அதன் மையம். தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரல் 4-இல் உடன்பாடு: ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு. சிறிய மருத்துவமனையே நம்பிக்கையான கிராமங்களுக்கு அந்த விலக்கின் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹனூருக்குத் திரும்புவோம். இளைத்துப் போனாலும் கர்நாடகச் சட்டம் செத்துவிடவில்லை. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மார்ட்டள்ளியிலிருந்தோ சுள்வாடியிலிருந்தோ ஒருவரைத் தூக்கிக்கொண்டு மைசூருவின் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதில் உண்டு. அவசர நிலையில் முன்பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஆள் இறந்துவிட்டால், பாக்கி இருந்தாலும் உடலைக் கொடுத்தாக வேண்டும்; பாக்கியை அவர்கள் பிறகு வசூலித்துக்கொள்ளலாம். கட்டணப் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம். மறுத்தால் அந்த மாவட்டத்தின் துணை ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கன்னடத்தில் எழுதத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கொண்டு எழுதி வாங்குங்கள்; கொடுத்த புகாருக்கு ரசீது கேளுங்கள்.

(தொடரும்)