அறிந்தோரும் அறிவிக்கப்படாதோரும்: மிச்சிகன் பல்கலைக்கழக மாணவியரும் அவசரக் கருத்தடை மருந்தும்

அவசரக் கருத்தடை குறித்துப் பல்கலைக்கழக மாணவரிடையே நிகழ்த்தப்பெறும் ஆய்வுகளில் தவறாது இடம்பெறும் வினா ஒன்றுண்டு: இம்மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீரா? 'ஆம்' என்னும் விடை விழிப்புணர்வாகக் கணக்கிடப்படுகிறது. இவ்வளவுகோல் போதாது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக வரலாறு சான்றாகிறது.

உடலுறவுக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துக் கருத்தரிப்பைத் தடுக்கலாம் என்பதை 1966இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜான் மெக்லீன் மோரிஸும் கெர்ட்ரூட் வான் வாகெனனும் எடுத்துரைத்தனர். பின்னர், டி.இ.எஸ். எனச் சுருங்க வழங்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் 'மறுநாள் காலை மாத்திரை' என்னும் பெயரில் மாணவர் நலமையங்களில் புழக்கத்திற்கு வந்தது. பெயர்தான் எளிது, 72 மணி நேரத்திற்குள் தொடங்கி, 25 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, ஐந்து நாள்கள் உட்கொள்ள வேண்டும். குமட்டலும் வாந்தியும் மிகுதி.

மிச்சிகன் நலமைய மருத்துவர் லூசில் குச்செரா, இம்மருந்தைப் பெற்ற 1000 பெண்களுள் ஒருவரும் கருவுறவில்லை என 1971 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். அதற்கு ஆறு மாதம் முன்னர், ஏப்ரலில், பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட்டும் உடன் ஆய்வாளரும் வேறொரு முடிவை வெளியிட்டிருந்தனர். கருவுற்ற காலத்தில் டி.இ.எஸ். உட்கொண்ட தாயரின் மகள்களுக்கு இளமையிலேயே அரியவகை யோனிப் புற்றுநோய் தோன்றியது என்பதே அது. ஆகவே மருந்து பயனளிக்காது கரு நிலைத்தால் என்னாகும் என்னும் வினா எழுந்தே தீர வேண்டும்.

அவ்வினாவை எழுப்பியோருள் முதன்மையானவர் ஆன் ஆர்பர் நகரின் பெலிட்டா கோவன். மருந்துண்ட மாணவியரையே தேடிச் சென்று அவர் வினவினார். தம்மை நலமையத்தார் பின்னர் விசாரிக்கவே இல்லை எனக் கூறியோர் அவருள் உண்டு. அவ்வாறாயின் 'ஒருவரும் கருவுறவில்லை' என்னும் கூற்றின் அடித்தளமே ஐயத்திற்குரியதாகிறது. குச்செராவின் கட்டுரை எண்ணிக்கையைத் தந்தது. கோவனின் உசாவல் அவ்வெண்ணுக்குள் இருந்தோரின் குரலைத் தந்தது. வரலாற்றாய்வாளர்க்குப் பின்னதே அரிய ஆவணம் என்பது என் கருத்து.

அம்மாணவியரிடம் இன்றைய வினாப்படிவத்தை நீட்டியிருந்தால் அனைவரும் 'ஆம்' என்றே குறித்திருப்பர். மாத்திரையை உண்டவர்கள் அல்லரோ! உட்கொள்வது எம்மருந்து, அதன் தீங்கு யாது, தம் தாயர் அதனை உண்டிருந்தனரா என்பனவற்றை அவர்கள் அறிந்திருந்தனரா என்பது அந்த விடையில் புலப்பட்டிராது.

1975இல் கோவன் அமெரிக்கச் செனட் குழுமுன் சாட்சியம் அளித்தார்; தேசியப் பெண்கள் நல வலையமைப்பை நிறுவியோருள் ஒருவருமானார். இன்று பரவலாக வழங்கும் அவசரக் கருத்தடை மாத்திரையில் உள்ளது டி.இ.எஸ். அன்று, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் வேறு மருந்து.