வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி: மகளிர் பள்ளி மருத்துவக் கல்லூரியான வரலாறு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) தமிழ்நாட்டின் வேலூர் நகரில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி. மருத்துவமனை நகருக்குள் தோட்டப்பாளையத்திலும், கல்லூரி சில கிலோமீட்டர் தொலைவில் பாகாயத்திலும் அமைந்துள்ளன. 1900-இல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம் இந்தியாவின் முன்னணி மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. பெண்களுக்காக மட்டுமே நிறுவப்பட்ட இந்நிறுவனம் 1947-இல் ஆண் மாணவர்களையும் சேர்க்கத் தொடங்கியது. அந்த மாற்றமே இதன் வரலாற்றின் திருப்புமுனை.

தோற்றம்

நிறுவனர் ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மருத்துவர். தந்தையும் மருத்துவரே. ஐடாவுக்கு முதலில் இந்தியாவில் தங்கும் எண்ணம் இருக்கவில்லை.

நோயுற்ற தாயைக் கவனிக்க 1890களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவுமாறு அவரை அழைத்தனர். தனக்கு மருத்துவம் தெரியாது என்றும், தன் தந்தை வந்து பார்ப்பார் என்றும் அவர் கூறினார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. மறுநாள் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். இந்நிகழ்வே தன்னை மருத்துவம் படிக்கத் தூண்டியதாக ஐடா பின்னாளில் கூறிவந்தார்.

அவர் 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இன் தொடக்கத்தில் வேலூர் திரும்பி, வீட்டிலேயே ஒரு படுக்கையுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 40 படுக்கைகள் உள்ள மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை அது. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. மருத்துவமனைக்கு வர இயலாத கிராமத்தவர்களுக்காக, குறிப்பிட்ட நாட்களில் சாலையோர மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்க்கும் முறையும் அக்காலத்திலேயே ஏற்பட்டது.

மகளிர் மருத்துவப் பள்ளி

ஒரு மருத்துவர் எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தாலும் தேவையில் சிறு பகுதியே நிறைவேறும் என்பதை உணர்ந்த ஐடா, இந்தியப் பெண்களை மருத்துவர்களாக்கத் திட்டமிட்டார். 1918 ஆகஸ்டில் மகளிர் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அதில் வழங்கப்பட்டது பட்டம் அன்று, எல்.எம்.பி. எனப்பட்ட பட்டயம். பல்கலைக்கழகப் படிப்பைவிடக் குறைந்த காலத்திலும் செலவிலும் முடிக்கக்கூடிய இப்பட்டயம் பெற்றவர்களே அன்றைய சென்னை மாகாணத்தின் சிற்றூர்களில் பெருமளவில் மருத்துவம் பார்த்தனர். முதல் அணியின் 14 மாணவியர் 1922-இல் படிப்பை முடித்தனர்.

மாணவியர் எண்ணிக்கை உயர்ந்ததும் ஷெல் மருத்துவமனையின் இடம் போதவில்லை. 1920களில் தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1930களில் பாகாயத்தில் கல்லூரி வளாகம் உருவானது.

பட்டய நீக்கமும் நெருக்கடியும்

1937-இல் இராஜாஜி தலைமையில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. டி.எஸ்.எஸ். இராஜன் சுகாதார அமைச்சரானார். மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தும் நோக்கில், எல்.எம்.பி. பட்டயப் படிப்பை நிறுத்திவிட்டுப் பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். பட்டத்தை மட்டுமே தொடர அரசு முடிவெடுத்தது. இருவகை மருத்துவர்கள் என்ற ஏற்றத்தாழ்வை நீக்க இது தேவை என்ற கருத்து அப்போது வலுப்பெற்றிருந்தது. ஆனால் வேலூர் பள்ளிக்கு முன் இரண்டே வழிகள் இருந்தன: பல்கலைக்கழகத் தகுதியை எட்டுவது, அல்லது மூடுவது.

தகுதி பெறக் கூடுதல் படுக்கைகளும் ஆய்வகங்களும் உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்களும் தேவைப்பட்டனர். அமெரிக்கப் பெண்களின் நன்கொடையால் மட்டும் அவ்வளவு பெரிய செலவைத் தாங்க முடியாது. இந்தியாவிலிருந்த பல கிறித்தவச் சபைகள் ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான ஒரே மருத்துவக் கல்லூரியை ஆதரிக்க முன்வந்தன. அதனை வேலூரில் அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தது.

இதற்கு எதிர்ப்பு ஐடாவின் நெருங்கிய வட்டத்திலிருந்தே வந்தது. வேலூருக்காகப் பல ஆண்டுகள் நிதி திரட்டிய லூசி பீபாடி, பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணத்தை இருபாலர் கல்லூரிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. இருபாலர் கல்லூரிகளில் பெண்களுக்குக் கிடைத்த இடங்கள் அன்று மிகக் குறைவு. ஆனால் பள்ளியே மூடப்பட்டால் பெண்களுக்கு எந்த இடமும் மிஞ்சாது. நீண்ட நாள் நட்பில் விரிசல் விழுந்தபோதும் ஐடா கூட்டுத் திட்டத்தை ஏற்றார். 70 வயதைக் கடந்த நிலையில் அமெரிக்கா சென்று போர்க்காலத்தில் நிதி திரட்டினார்.

1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக இணைப்புடன் பெண்களுக்கான எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். 1950-இல் இணைப்பு நிரந்தரமானது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பொறுப்பேற்ற ஹில்டா லாசரஸ் நிறுவனத்திற்குத் தலைமை வகித்த முதல் இந்தியர். பல சபைகள் சேர்ந்து ஆதரித்ததால் கல்லூரி எந்தக் குடும்பத்தின் அல்லது ஒரே சபையின் உடைமையாகவும் ஆகவில்லை. பிற தனியார் கல்லூரிகள் பலவற்றிலிருந்து இது வேறுபடும் முக்கிய இடம் இதுவே.

மருத்துவப் பங்களிப்பு

பட்டக் கல்லூரியாக உயர்வதற்காகச் சேர்க்கப்பட்ட துறைகள் விரைவிலேயே பலன் தந்தன. 1946-இல் வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் இயங்கச் செய்தார். ஜேக்கப் சாண்டி 1949-இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை இங்கு தொடங்கினார். 1971-இல் இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை இங்கு நடந்தது. சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த குருதி மாதிரிகளில் 1986-இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது வேலூர் ஆய்வகத்தில்தான்.

இக்கல்லூரியின் மாணவியான மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, அத்துறையை இங்கு வளர்த்தார்.

மாணவர் சேர்க்கையும் நீட் வழக்கும்

சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் சிற்றூர்களிலுள்ள மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். இதற்கேற்ற மாணவர்களைக் கல்லூரி தன் சொந்த நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றின் வழியே தெரிவு செய்துவந்தது. நீட் தேர்வு கட்டாயமானபோது இம்முறையைக் காக்கக் கல்லூரி நீதிமன்றத்தை நாடியது. வழக்கு நிலுவையில் இருந்த 2017-இல், 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

பொதுத் தரத்தை அரசு வகுப்பதும், அதற்குள் தன் நோக்கத்தைக் காக்கக் கல்லூரி வழி தேடுவதும் இவ்வரலாற்றில் இருமுறை நிகழ்ந்துள்ளன. 1930களின் நெருக்கடியைக் கல்லூரி வளர்ச்சியாக மாற்றிக்கொண்டது. சிற்றூர்ப் பணிக்கு மனமுள்ளவர்களைப் பொதுத் தேர்வின் மதிப்பெண்ணுக்குள் எவ்வாறு கண்டறிவது என்பதே இரண்டாவது நெருக்கடி அதன் முன் வைத்துள்ள கேள்வி.